விடுதிப் பேச்சும் அரசாங்கச் சட்டமும்

பிழைப்பின் பொருட்டுச் சொந்த ஊரை விட்டு வேற்றூர் செல்பவர்க்கு, வண்டியை விட்டு இறங்கியவுடனே இரண்டு கேள்விகள் எழுகின்றன. தங்குவதற்கு இடம் எங்கே கிடைக்கும் என்பது ஒன்று. வேலை கொடுக்க இருப்பவர் எப்படிப்பட்டவர் என்பது மற்றொன்று. முதற் கேள்விக்கு விடை எளிது. நிலையத்து வாயிலில் நிற்கும் வண்டிக்காரரே சொல்லிவிடுவார். இரண்டாவது கேள்வியைத் தெருவில் நின்று கேட்க முடியாது. அதற்கு விடை அறிந்தவர்கள் அந்த எஜமானரிடம் வேலை செய்தவர்களே. அவர்களும் நாலு பேர் கேட்கும்படி அதைச் சொல்லமாட்டார்கள். சொன்னால், சொன்னவருடைய வேலைக்கே ஆபத்து.

மும்பையின் மாதுங்காவிலும், தில்லியின் கரோல்பாக்கிலும், கொல்கத்தாவின் லேக் மார்க்கெட் பக்கத்திலும் தமிழர்கள் கூடி உண்ட சாப்பாட்டு விடுதிகளை அறிந்த நேயர்கள், இக்கேள்விக்கு விடை எங்கே கிடைத்தது என்பதையும் அறிவார்கள். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மாடிப்படியில் அமர்ந்து, முன்னே வந்தவர் பின்னே வந்தவருக்குச் சொல்லுவார்: இந்தக் கம்பெனியில் சம்பளம் முதல் தேதி தவறாது, ஆனால் மேலாளர் முன்கோபி, அந்த ஆபீஸுக்குப் பெயர் பெரிது, ஆனால் இரண்டு மாதச் சம்பளம் எப்பொழுதும் பாக்கி நிற்கும். சுருக்கெழுத்தாளரும் கணக்கரும் பொறியாளரும் இவ்வாறு கேட்டறிந்தே மனுப் போட்டார்கள்.

இப்பேச்சை வம்பு என்று தள்ளிவிடுவோர் உண்டு. ஆனால் இதற்கு நீண்டதொரு வரலாறு இருக்கிறது. ஐரோப்பாவிலே இருநூறு ஆண்டுக் காலம் அரசாங்கங்கள் இந்த வம்பைக் கண்டு அஞ்சின; சட்டம் இயற்றித் தடுத்தன; பேசியவர்களைச் சிறையிலும் அடைத்தன. அந்தச் சட்டத்தின் நிழல் சென்னைப் பெரம்பூர் வரையிலும் வந்து விழுந்தது. அவ்வரலாற்றின் சில பகுதிகளை இங்கே கூற விரும்புகிறேன்.

ஜெர்மானிய நகரங்களில் முற்காலத்தில் ஒருவன் ஒரு கைத்தொழிலில் நிலைபெறுவதற்கு மூன்று படிகளைக் கடக்கவேண்டியிருந்தது. முதலில் ஓர் எஜமானரின் வீட்டிலேயே தங்கித் தொழில் பயில வேண்டும். பயிற்சி முடிந்தபின் கூலித் தொழிலாளியாக ஊர் ஊராகச் சுற்றி வேலை செய்ய வேண்டும். அதன் பின்னரே, கைப்பொருளும் கைவினையாளர் கழகத்தின் இசைவும் இருந்தால், தானும் ஓர் எஜமானராகிப் பட்டறை வைக்கலாம். இடையிலுள்ள சுற்றுப் பயணம் பெரும்பாலும் மூன்றாண்டு நீளும்; அதற்கு மேலும் போவதுண்டு. முதுகில் மூட்டை, கையில் தடி, காலில் தேய்ந்த செருப்பு, இவற்றோடு ஒரு வாலிபன் அறியாத நகரத்தின் கோட்டை வாயிலில் வந்து நிற்பான். அவன் நேரே செல்லும் இடம் அவன் தொழிலுக்கென்று அந்நகரில் குறிக்கப்பட்ட விடுதி. அதனை ஹெர்பெர்கெ என்பார்கள்.

அந்த விடுதியில் படுக்கை கிடைக்கும்; உணவு கிடைக்கும். வந்தவன் மெய்யாகவே அத்தொழிலைச் சார்ந்தவன்தானா என்று அறிவதற்குக் குறிப்பிட்ட வாழ்த்துச் சொற்கள் இருந்தன. அவற்றை முறை தவறாமல் சொல்லவேண்டும். ஓரிடத்திலே தடுமாறினால் ஐயம் பிறக்கும். சோதனை முடிந்து, உள்ளவர்கள் அவனைத் தம்மவனாக ஏற்றுக்கொண்ட பின்னரே பேச்சுத் தொடங்கும். எந்தப் பட்டறையில் ஆள் வேண்டும், எங்கே உணவில் கஞ்சத்தனம் செய்கிறார்கள், எந்த எஜமானர் கூலியைப் பிடித்தம் செய்கிறார் என்பவையெல்லாம் அங்கே வெளிப்படும். விடுதியில் இரும்புப் பட்டையிட்ட ஒரு பெட்டியும் உண்டு. நோயுற்றவர்க்கு உதவும் பணமும், தொழிலாளரின் முத்திரையும், பிற ஊர்களிலிருந்து வந்த கடிதங்களும் அதில் இருக்கும்.

இப்பேச்சு வெறும் பேச்சாக நின்றுவிடவில்லை. எல்லை மீறிய எஜமானரைத் தொழிலாளர்கள் கூடிப் பெயர் கெட்டவர் என்று அறிவித்துவிடுவார்கள். அதன்பின் அவரிடம் எவனும் வேலைக்குப் போகலாகாது. போகிறவன் பெயரும் கெட்டுவிடும். அவன் நூறு கல் தொலைவிலுள்ள நகரத்துக்குப் போனாலும், அவனுக்கு முன்பே இச்செய்தி அங்குள்ள விடுதிக்குப் போயிருக்கும். ஊர் சுற்றும் வாலிபர்களே அஞ்சற்காரர்கள் அல்லவா?

1726-ஆம் ஆண்டில் ஆக்ஸ்பர்க் நகரத்துச் செருப்புத் தொழிலாளர்கள் இந்த ஆயுதத்தை எடுத்தார்கள். அவர்கள் பிற ஊர்த் தொழிலாளரோடு கடிதப் போக்குவரத்து வைத்திருப்பதை நகர சபை பொறுக்கவில்லை. பூசல் முற்றவே, அவர்கள் கூட்டமாக நகரத்தை விட்டு வெளியேறி, லெக் நதிக்கு அப்பால், பவேரிய எல்லைக்குள் இருந்த பிரீட்பெர்க் என்னும் சிற்றூரில் போய்த் தங்கினார்கள். ஆக்ஸ்பர்க் நகர சபையின் அதிகாரம் அந்த நதியோடு முடிந்துவிடும். ஆகையால் கண்ணெதிரே தெரியும் ஊரில் இருந்தவர்களைக் கைது செய்ய வழியில்லை. அங்கிருந்து பிற நகரங்களுக்குக் கடிதங்கள் பறந்தன. ஆக்ஸ்பர்க்குக்கு எவரும் வேலைக்கு வரவேண்டாம் என்பதே அவற்றின் சாரம்.

ஐந்தாண்டு கழித்து, 1731-இல், ஜெர்மானியப் பேரரசு முழுமைக்கும் ஒரு கைத்தொழிற் சட்டம் வந்தது. தொழிலாளர் தமக்குள் சகோதர சங்கம் வைப்பது, முத்திரை வைத்துக்கொள்வது, கடிதம் எழுதுவது, எஜமானரைப் பெயர் கெட்டவர் என்று அறிவிப்பது ஆகிய யாவும் தடுக்கப்பட்டன. ஆனால் அச்சட்டத்தில் நாம் கவனிக்கவேண்டியது தடையன்று. அதே சட்டம், ஊர் விட்டு ஊர் போகும் ஒவ்வொரு தொழிலாளியும் தான் வேலை செய்த இடத்திலிருந்து ஒரு நற்சான்றுப் பத்திரம் பெற்றே செல்லவேண்டும் என்றும் விதித்தது. இன்னார், இந்த வயதினர், இன்ன உயரமும் தலைமயிரும் உடையவர், இத்தனை வாரம் இங்கே வேலை செய்தார், அடக்கமாக நடந்துகொண்டார் என்று அதில் எழுதியிருக்கும். பின்னாளில் அப்பத்திரங்களின் தலைப்பில் அவ்வந்நகரத்தின் கோபுரங்களையும் மதில்களையும் அழகாகச் செதுக்கி அச்சிட்டார்கள். இன்று பொருட்காட்சிச் சாலைகளில் அவற்றைச் சித்திரங்களாக எண்ணிப் பார்த்து மகிழ்கிறோம். வைத்திருந்தவனுக்கோ அது சித்திரமன்று. அது இல்லாவிட்டால் அடுத்த ஊரில் வேலை இல்லை. எஜமானரைப் பற்றித் தொழிலாளி சொல்லும் சொல் குற்றம். தொழிலாளியைப் பற்றி எஜமானர் எழுதும் சொல் சட்டம்.

பிரான்ஸ் தேசத்துக்கு வந்தால் இதே நாடகத்தை வேறு வேடங்களில் காண்கிறோம். அங்கே தச்சர், கல்தச்சர், பூட்டுச் செய்வோர் முதலானவர்கள் தேசத்தைச் சுற்றிவரும் வழக்கம் உடையவர்கள். அவர்களுடைய இரகசியக் கூட்டுறவுக்குக் கொம்பாஞோனாஜ் என்று பெயர். ஊர்தோறும் அவர்களுக்கென்று இருந்த விடுதியையும் அதனை நடத்தும் அம்மையாரையும் ஒரே சொல்லால், தாய் என்று பொருள்படும் சொல்லால், அழைத்தார்கள். பசியோடு வந்த அந்நியனுக்கு இதைக் காட்டிலும் இனிய பெயர் ஒரு விடுதிக்கு ஏது?

புதிதாக வந்தவனை வேலையில் அமர்த்துவதற்கு அவர்களுள் ஒருவர் முறை வைத்து நியமிக்கப்பட்டிருப்பார். அவரே அவனை எஜமானரிடம் அழைத்துச் செல்வார். அவன் ஊரை விட்டுப் புறப்படும் போதும் அவரே உடன் சென்று, எஜமானருக்கு இவன் ஏதேனும் பாக்கி வைத்திருக்கிறானா, இவனுக்கு எஜமானர் ஏதேனும் கொடுக்கவேண்டியிருக்கிறதா என்று இருவரையும் எதிரெதிரே நிறுத்திக் கேட்பார். இருபுறமும் கணக்குத் தீர்ந்தது என்று ஆன பின்னரே பயணம். இதனை நான் மிகவும் மெச்சுகிறேன். எஜமானரைக் கேட்கும் கேள்வியையே தொழிலாளியையும் கேட்டார்கள். கொடிய எஜமானரின் பட்டறையை விலக்கி வைப்பதும் அவர்களிடம் உண்டு. சில வேளைகளில் ஒரு நகரம் முழுவதையுமே ஆண்டுக் கணக்கில் விலக்கி வைத்துவிடுவார்கள்.

அவர்களுடைய குறைகளையும் மறைக்கவேண்டியதில்லை. மூடிய கதவுக்குள் நடக்கும் விசாரணையில் குற்றம் சாட்டப்பட்டவருக்குப் பதில் சொல்ல வாய்ப்பு இல்லை. அன்றியும் இக்கூட்டுறவுகள் ஒன்றுக்கொன்று பகை பூண்டிருந்தன. நெடுஞ்சாலையில் இரு அந்நியர்கள் எதிர்ப்பட்டால் ஒருவரை ஒருவர் நிறுத்தித் தொழிலும் கூட்டமும் விசாரிப்பார்கள், விடை ஒவ்வாததானால் தடியடி நடக்கும், உயிர்ச்சேதமும் உண்டு. எஜமானரை எதிர்க்கப் பிறந்த ஒற்றுமை, தன்னைப் போன்ற கூலியாளின் மண்டையை உடைப்பதில் போய் முடிந்தது. இதனைக் கண்டு மனம் நொந்தவர் அக்ரிகோல் பெர்திகியே என்னும் தச்சர். அவிஞோன் நகருக்கு அருகில் பிறந்து, தாமும் தேசம் சுற்றிவந்த அவர், 1839-இல் இக்கூட்டுறவுகளைப் பற்றி ஒரு நூல் எழுதி, பகையை ஒழிக்கும்படி தம்மவரை வேண்டினார். 1848-இல் பிரெஞ்சு மக்கள் அவரைத் தங்கள் சபைக்குப் பிரதிநிதியாகவும் அனுப்பினார்கள்.

பிரெஞ்சுப் புரட்சி, சுதந்தரம், சமத்துவம், சகோதரத்துவம் என்று முழங்கிற்று. ஆயினும் 1791 ஜூன் மாதத்தில், புரட்சியின் சபையே, ஒரே தொழிலைச் சார்ந்தவர்கள் தம் பொது நலம் என்று கூறிக் கூடுவதையும் தீர்மானம் செய்வதையும் தடுத்துச் சட்டம் இயற்றியது. அதைக் கொண்டுவந்தவர் பெயரால் லெ ஷாப்லியே சட்டம் என்பார்கள். பிறகு நெப்போலியன் ஆட்சியில், 1803-இல், ஒவ்வொரு தொழிலாளியும் ஒரு சிறு கையேடு வைத்திருக்கவேண்டும் என்ற விதி புத்துயிர் பெற்றது. வேலையில் சேரும்போது அந்த ஏட்டை எஜமானரிடம் கொடுத்துவிட வேண்டும். விலகும்போது அவர் எழுதிக் கொடுத்தால்தான் அடுத்த வேலை. முன்பணம் பெற்றிருந்தால் அதுவும் அதில் ஏறும். ஏடு இல்லாமல் பயணம் செய்பவன் நாடோடி எனப் பிடிபடுவான்.

இதற்கு மேலும் ஒன்று. 1804-ஆம் ஆண்டு பிரெஞ்சு சிவில் சட்டத் தொகுப்பின் 1781-ஆவது பிரிவு, கூலி எவ்வளவு, அது கொடுக்கப்பட்டதா இல்லையா என்ற வழக்கில் எஜமானர் உறுதி கூறினால் அதனை அப்படியே நம்பவேண்டும் என்று விதித்திருந்தது. இன்றைய வாசகர் இதை இருமுறை படித்துப் பார்ப்பார். ஐரோப்பாவின் பல நாடுகள் முன்மாதிரியாகக் கொண்ட ஒரு சட்டத் தொகுப்பில், ஒரு வழக்காளியின் வாய்ச்சொல்லே சாட்சியம் என்று எழுதி வைத்திருந்தார்கள். அப்பிரிவு 1868 வரை நின்றது. கையேடு 1890 வரை நின்றது. இத்தகைய சட்டத்தின் கீழ் வாழ்ந்த தச்சன், தாய் விடுதியின் பின்கட்டில் தன் எஜமானரைப் பற்றித் தாழ்ந்த குரலில் பேசினான் என்றால், வேறு எங்கே போய்ப் பேசுவான்?

இனி இங்கிலாந்துக்குப் போவோம். நம் நாட்டுச் சட்டத்தின் வேர் அங்கேதான் இருக்கிறது.

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டன் நகரத்துத் தையற் கூலியாளர்கள் சில மதுக்கடைகளைத் தங்கள் கூடுமிடங்களாகக் கொண்டிருந்தார்கள். அவற்றை அழைப்பு விடுதிகள் எனலாம். வேலையில்லாதவன் அங்கே போய்க் கடைக்காரர் வைத்திருக்கும் ஏட்டில் தன் பெயரைப் பதிந்துவிட்டுக் காத்திருப்பான். ஆள் தேவைப்படும் எஜமானர் அவ்விடுதிக்குச் சொல்லி அனுப்புவார். ஏட்டின் வரிசைப்படி ஆளை அனுப்புவார்கள். எஜமானர் தம் விருப்பம்போல் ஒருவனைப் பொறுக்கியெடுக்க முடியாது. மற்றவனைவிடக் குறைந்த கூலிக்கு வருகிறேன் என்று ஒருவன் முந்திக்கொள்ளவும் முடியாது. காத்திருக்கும் நேரத்தில் என்ன பேசியிருப்பார்கள் என்பதை ஊகிப்பது கடினமன்று. லண்டன் தொழில்களைப் பற்றி 1747-இல் நூல் எழுதிய ராபர்ட் காம்பெல் என்பவர், தையற்காரர்கள் ஆண்டில் மூன்று நான்கு மாதம் வேலையின்றி இருப்பதையும், இவ்விடுதிகள் அவர்கள் சம்பாத்தியத்தை விழுங்கிவிடுவதையும் குறித்திருக்கிறார். இலவசமாக உட்கார விடுவதற்கு மதுக்கடைக்காரர் தருமசாலையா நடத்தினார்?

எஜமானர்கள் பார்லிமெண்டுக்கு முறையிட்டார்கள். ஏழாயிரத்துக்கு மேற்பட்ட தையற் கூலியாளர்கள் கூடிக்கொண்டு, கூலியை உயர்த்தவும் ஒரு மணி நேரம் முன்னதாக வேலையை நிறுத்தவும் சதி செய்கிறார்கள். இதற்காக அழைப்பு விடுதிகளில் வைத்த ஏடுகளில் தம் பெயர்களை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள் என்பது முறையீடு. 1721-இல் சட்டம் வந்தது. காலை ஆறு மணி முதல் இரவு எட்டு மணி வரை வேலை. வசந்த காலத்து மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு இரண்டு ஷில்லிங்குக்கு மேற்படாத கூலி. மற்ற மாதங்களில் ஒரு ஷில்லிங் எட்டுப் பென்ஸ். கூடிச் சேர்ந்து இதற்கு மேல் கேட்டால் இரண்டு மாதச் சிறை. சட்டம் வந்தது, விடுதிகளும் இருந்தன. அந்த நூற்றாண்டு முழுவதும் தையற்காரர்கள் அவ்விடுதிகளிலேயே கூடிக் கூலிக்குப் போராடினார்கள். ஒழுங்கு தவறாது நின்றவர்களைச் சக்கிமுக்கிக் கற்கள் என்றும், சட்டக் கூலிக்குப் பணிந்து போனவர்களைச் சாணம் என்றும் அவர்கள் தமக்குள் பெயரிட்டு வழங்கினார்கள். பேச்சுக் கடுமைதான். மறுக்கவில்லை.

1799-ஆம் ஆண்டிலும் 1800-ஆம் ஆண்டிலும் இத்தடை எல்லாத் தொழிலுக்குமாக விரிந்தது. கூலி உயர்வுக்காக இருவர் கூடினாலும் குற்றம் என்ற நிலை வந்தது. ஏட்டளவில் எஜமானர்கள் கூடுவதும் குற்றந்தான். ஆனால் நாலு எஜமானர்கள் விருந்துண்ணும்போது பேசிக்கொள்வதை எந்த அதிகாரி ஒட்டுக்கேட்கப் போகிறார்?

இச்சட்டத்தை வீழ்த்தியதில் முதற்பங்கு பெற்றவர் பிரான்ஸிஸ் பிளேஸ். அவர் தோலினால் காற்சட்டை தைக்கும் தொழிலாளி. 1793-இல் அத்தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தபோது முன்னின்றார். வேலை நிறுத்தம் தோற்றது. எஜமானர்கள் தமக்குள் பேசிக்கொண்டார்கள். எட்டு மாதத்துக்குக் கிட்டத்தட்ட அவருக்கு லண்டனில் வேலை கொடுப்பார் இல்லை. வறுமையிலே ஒரு குழந்தையும் இறந்தது. அந்நாட்களில் அவர் படித்தார்; கையில் கிடைத்ததையெல்லாம் படித்தார். பின்னர் சாரிங் கிராஸ் என்னுமிடத்தில் சொந்தமாகத் தையற்கடை வைத்துச் செல்வரானார். கடையின் பின்னறையில் பெரியதொரு நூல் நிலையம் அமைத்தார். அதைக் காணும் வாடிக்கைக்காரர்கள், தையற்காரனுக்கு இவ்வளவு படிப்பா என்று முகம் சுளித்து விலகிவிடுவார்களோ என்று அஞ்சி அதை மறைத்தே வைத்திருந்தாராம். கடையின் முன்புறம் பிரபுக்களின் உடுப்பு. பின்புறம் பிரபுக்களின் சட்டத்தைக் கவிழ்க்கும் வேலை.

1824-இல் ஜோசப் ஹ்யூம் என்ற உறுப்பினரின் முயற்சியால் பார்லிமெண்டு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. சாட்சி சொல்ல நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் தொழிலாளர்கள் வந்தார்கள். அவர்களிடம் நெடுநாளைய மனக்குறைகள் மலைபோல் குவிந்திருந்தன. ஒருவர் வரியைப் பற்றிப் பேசுவார். மற்றொருவர் இயந்திரத்தைப் பற்றிப் பேசுவார். வேறொருவர் எஜமானரைத் திட்டித் தீர்ப்பார். பிளேஸ் அவர்கள் யாவரையும் அந்தப் பின்னறைக்கு அழைத்துப் பொறுமையோடு கேட்டார். கேட்டதில் எது வழக்குக்கு வேண்டியது, எது வேண்டாதது என்று பிரித்து, ஒவ்வொருவர் சொல்லுவதையும் குறிப்பெழுதி ஹ்யூமிடம் கொடுத்தார். விடுதிகளில் நூறாண்டுக் காலம் தாழ்ந்த குரலில் பேசப்பட்ட பேச்சு, இவ்வாறு சாட்சியமாக மாறிப் பார்லிமெண்டின் ஏட்டிலே ஏறிற்று. அவ்வாண்டே தடைச் சட்டங்கள் நீக்கப்பட்டன. மறு ஆண்டிலே சிறிது இறுக்கினார்கள். ஆயினும் கூலிக்காகக் கூடுவதே குற்றம் என்ற நிலை திரும்பவில்லை.

ஆனால் இரகசியம் என்பதன்மேல் அரசாங்கத்துக்கு இருந்த அச்சம் தீரவில்லை. டார்செட் மாவட்டத்து டால்படில் என்னும் சிற்றூரில் உழவுக் கூலி வாரத்துக்கு ஒன்பது ஷில்லிங்கிலிருந்து படிப்படியாக ஏழாக இறங்கி, ஆறாகும் நிலைக்கும் வந்தது. ஜார்ஜ் லவ்லெஸ் என்பவரும் அவருடைய தோழர்களும் ஒரு குடிசையின் மாடியறையில் கூடிச் சங்கம் அமைத்தார்கள். இங்கே பேசுவதை வெளியில் சொல்லோம் என்று புதிதாகச் சேர்ந்தவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு சத்தியம் செய்தார்கள். 1834-இல் ஆறு பேர் கைதானார்கள். சங்கம் அமைத்தது அப்போது குற்றமன்று. ஆகையால் 1797-இல் கடற்படைக் கலகத்தை ஒட்டி இயற்றிய ஒரு பழஞ்சட்டத்தைத் தேடியெடுத்து, இரகசியச் சத்தியம் செய்வித்ததே குற்றம் என்று ஏழாண்டுத் தீவாந்தர தண்டனை விதித்தார்கள். நாடெங்கும் எழுந்த கிளர்ச்சிக்குப் பின் 1836-இல் மன்னிப்புக் கிடைத்தது. அவர்கள் சத்தியம் செய்தது ஏன் என்று நீதிபதி எண்ணிப் பார்த்தாரில்லை. வெளியே தெரிந்தால் மறுநாள் வேலை இல்லை என்பதே அதற்குக் காரணம்.

இவ்வளவும் கடல் கடந்த கதை. ஆயினும் இதன் இறுதிப் பகுதி நம் சென்னையில் நடந்தது. வெளி மாநிலங்களில் சங்கங்களில் சேர்ந்திருக்கும் தமிழர்கள் இதனை அறிந்திருப்பது நலம். ஏனெனில் இங்கே நடந்தது இந்தியா முழுமைக்கும் சட்டமாயிற்று.

பெரம்பூரில் பின்னி கம்பெனியாரின் நிருவாகத்தில் இருந்த பக்கிங்ஹாம், கர்னாடிக் என்ற இரு நூல் நெசவாலைகளில் ஆயிரக்கணக்கானவர்கள் வேலை செய்தார்கள். அப்பகுதியில் வேங்கடேச குணாமிர்த வர்ஷிணி சபை என்று ஒரு பக்தர் சபை இருந்தது. அதன் பொறுப்பில் நின்றவர்கள் வணிகரான கோ. செல்வபதி செட்டியாரும் கோ. இராமானுஜலு நாயுடுவும். சபையில் சமயச் சொற்பொழிவுகள் நிகழும். கேட்க வந்தவர்களில் ஆலைத் தொழிலாளர் பலர். சொற்பொழிவு முடிந்ததும் அவர்கள் எழுந்து போய்விடவில்லை. செட்டியாரின் கடைக்கு வந்தபோதும் சாமானை வாங்கிக்கொண்டு பேசாமல் திரும்பவில்லை. மேஸ்திரி அடித்தது, சற்றுத் தாமதமாக வந்ததற்கு வாயில் அடைபட்டது, பகலுணவுக்குக் கிடைக்கும் அரைமணியில் சோற்றை விழுங்க முடியாமல் ஓடியது, இவற்றையெல்லாம் சொன்னார்கள். ஜெர்மானியத் தச்சனுக்கு ஹெர்பெர்கெ எதுவோ, லண்டன் தையற்காரனுக்கு மதுக்கடை எதுவோ, அதுவே பெரம்பூர்த் தொழிலாளிக்கு ஒரு பஜனைச் சபையும் ஒரு கடையும் ஆயின. கடவுளின் பெயரால் கூடுகிற இடத்தை எந்தத் துரையும் ஐயுறமாட்டார் என்பதும் ஒரு வசதி.

கேட்டவர்கள் கேட்டதோடு விடாமல், வெளியே உள்ள அறிஞர்களைத் தேடிப் போனார்கள். 1918 மார்ச்சு 2-ஆம் நாள் ஜங்காராமாயம்மாள் தோட்டத்தில் திரண்ட கூட்டத்தில், 'தேசபக்தன்' ஆசிரியராயிருந்த திரு. வி. கலியாணசுந்தரனார் பேசினார். பின்னர் அன்னி பெசண்டு அம்மையாரின் துணைவர்களில் ஒருவரான பி. பி. வாடியாவை அழைத்து வந்தார்கள். சனிக்கிழமைகளில் தொடர்ந்து கூட்டங்கள் நடந்தன. ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றியது. வாடியா தலைவர், திரு. வி. க. துணைத் தலைவர்களுள் ஒருவர். தனிப்பேச்சாகச் செட்டியார் கடையில் நடந்தது பொதுப்பேச்சாகத் தோட்டத்தில் நடக்கத் தொடங்கியது. சங்கம் எடுத்த முதற் கோரிக்கைகளில் ஒன்று அந்த உணவு இடைவேளையை நீட்டவேண்டும் என்பது. இடைவேளையும் சற்று நீண்டது.

இரண்டாண்டுக்குப் பின் பெரும்பூசல் மூண்டது. 1920-இன் பிற்பகுதியில் ஆலை கதவடைக்கப்பட்டது. நிருவாகத்தார் உயர் நீதிமன்றத்தில் வாடியா முதலியோர் மீது நஷ்டஈட்டு வழக்குத் தொடுத்தார்கள். தொழிலாளர் தம் ஒப்பந்தத்தை முறிக்கும்படி இவர்கள் தூண்டினார்கள் என்பது குற்றச்சாட்டு. அவ்வாறு செய்யலாகாது என்று நீதிமன்றம் இடைக்காலத் தடையும் விதித்தது. இங்கிலாந்திலே அத்தகைய வழக்குக்கு 1906-ஆம் ஆண்டுச் சட்டமே வாயிலை அடைத்துவிட்டது. ஆனால் அச்சட்டம் இந்தியாவில் இல்லை. பழைய ஆங்கிலப் பொதுச் சட்டமே இங்கே ஆண்டது. ஆகவே லண்டனில் வழக்காட முடியாத ஒன்றைச் சென்னையில் வழக்காட முடிந்தது. 1921-இன் தொடக்கத்தில் உடன்பாடு ஏற்பட்டு வழக்குக் கைவிடப்பட்டது. வாடியா சங்கத்திலிருந்து விலகவேண்டும் என்பது அதற்கு விலை. அவர் விலகினார். அதே ஆண்டில் மீண்டும் வந்த நெடிய வேலை நிறுத்தமும், அதில் சிந்திய இரத்தமும் தனியே சொல்லவேண்டிய கதை.

வாடியாவின் மீது விழுந்த தடை பம்பாயிலும் கல்கத்தாவிலும் இருந்த தொழிலாளர் தலைவர்களை விழிக்கச் செய்தது. இன்று சென்னையில் நடந்தது நாளை தங்களுக்கும் நடக்கலாம் என்று உணர்ந்தார்கள். பம்பாயைச் சேர்ந்த என். எம். ஜோஷி 1921-இல் மத்திய சட்டசபையில், தொழிற் சங்கங்களைப் பதிவு செய்யவும் பாதுகாக்கவும் சட்டம் வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். ஐந்தாண்டு இழுபறிக்குப் பின் 1926-ஆம் ஆண்டு இந்தியத் தொழிற் சங்கச் சட்டம் நிறைவேறி, 1927 ஜூன் முதல் தேதி நடைமுறைக்கு வந்தது. பதிவு பெற்ற சங்கத்தார் தம் நோக்கங்களுக்காகத் தமக்குள் செய்துகொள்ளும் உடன்பாடு குற்றச் சதி ஆகாது என்று அதன் 17-ஆவது பிரிவு கூறிற்று. தொழில் தகராற்றின்போது ஒருவரை ஒப்பந்தம் முறிக்கத் தூண்டியதாகச் சொல்லி அவர்கள் மீது வழக்குத் தொடுக்கலாகாது என்று 18-ஆவது பிரிவு கூறிற்று. செட்டியார் கடையில் நடந்த பேச்சுக்குச் சட்டத்தில் இடம் கிடைத்தது.

அச்சட்டப்படி பதிவுக்கு அன்று ஏழு பேரின் கையொப்பம் போதுமாயிருந்தது. விண்ணப்பத்தோடு அவர்களுடைய பெயரும் தொழிலும் முகவரியும் எழுதிக் கொடுக்கவேண்டியிருந்தது. லண்டன் தையற்காரர்கள் விடுதி ஏட்டில் பெயர் எழுதியதைச் சதிக்குச் சான்றாக எஜமானர்கள் பார்லிமெண்டின் முன் நீட்டிச் சட்டம் பெற்று அப்பொழுது இருநூற்று ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. வாடியா அதற்குள் சென்னையை விட்டே போய்விட்டார்.